முகம் அழித்த படம்

மூளை ஆராய்ச்சிக்கென்று என் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். படம் நான்கு ஆஸ்பத்திரிகளுக்குப் போகுமாம். ஆள் யாரென்று தெரியாதபடி பெயரையும் முகத்தையும் அழித்துத்தான் அனுப்புவார்களாம். அழித்தார்கள். கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் பார்த்தேன். இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை வெறும் தோல். எதைக் கொண்டு பார்த்தேன் என்று கேட்காதீர்கள். நேரே ஸ்கேன் எடுத்த பெண்ணிடம் போனேன்.

"என் மூஞ்சியக் குடும்மா. பேரு அழகர்சாமி."

"பேரை வச்சுத் தேட முடியாது சார். அதான் அழிச்சாச்சே. உங்களோடதுதான்னு அடையாளம் காட்டினா குடுக்கலாம்."

"எதை வச்சுக் காட்ட?"

"மூஞ்சியை வச்சுத்தான்."

மூன்று மணி நேரம் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி கோமளம் கதவைத் திறந்தாள்.

"அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார். உக்காருங்க, வந்துடுவார்."

மோர் கொடுத்தாள். உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் நான் வந்தபாடில்லை.