சொந்தக் கால்

"பொம்பளப் புள்ளைக்கு இந்த வேலை சரிப்படாதும்மா. முதல் நாள்ல விழாதவன்னு எங்க தொழில்ல ஒருத்தனும் கிடையாது."

"நான் விழ மாட்டேன், பாஸ்," என்றாள் டெஸ்ஸா.

ஆஸ்திரேலியாவில் பெண்டிகோ ஊருக்கு வெளியே பாதி கட்டிய வீடு அது. பூச்சு வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ராஸ். சீலிங் பூச வேண்டுமென்றால் அலுமினியக் கட்டைக்கால்களைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க உயரத்திலேயே நடக்க வேண்டும். தடித்தடி ஆம்பளைகளே தள்ளாடுவார்கள். டெஸ்ஸாவோ ஊதினால் பறந்துவிடுவாள் போலிருந்தாள்.

"வேற எங்கேயும் கேட்கலையா?"

"ஊர் பூரா கேட்டாச்சு. ஆளைப் பார்த்ததுமே முடியாதுன்னுட்டாங்க. நீங்களாவது ஏத்திப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

ராஸுக்குச் சுருக்கென்றது. "சரி. சாயங்காலம் வரைக்கும் விழாம இருந்தா வேலை உனக்கு. விழுந்தா இந்தப் பக்கமே வரக் கூடாது."

ராஸிடம் வெகுநாளாக வேலை பார்க்கும் டாரன் கட்டைக்கால்களோடு வந்தான். "காலை நீட்டு தங்கச்சி, வாரை இறுக்கி விடுறேன்."

"நானே கட்டிக்கிறேன். உங்க வேலையப் பாருங்கண்ணே." வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு மூலைக்குப் போனாள்.

"அடேயப்பா, வாய்க்கு மட்டும் தனிச் சம்பளம் குடுக்கலாம்."

அவள் எழுந்தாள். எப்போது விழுவாள் என்று டாரன் கை கட்டிக் காத்திருந்தான். அவள் வாளியைத் தாண்டினாள், நிலைவாசலில் குனிந்து நுழைந்தாள், அண்ணாந்தபடியே கரணையை இழுத்தாள். பூச்சு திட்டுத்திட்டாக விழுந்தது. ராஸ் திட்டினார். சுரண்டிவிட்டு மறுபடி பூசினாள்.

மத்தியானம் டாரன் கீழேயிருந்து கூப்பிட்டான். "இறங்கி வா தங்கச்சி, சாப்பாடு ஆறுது."

"நீங்க சாப்பிடுங்க. எனக்கு இன்னும் ஒரு ரூம் இருக்கு."

சாயங்காலம் ராஸ் சீலிங்கைப் பார்த்து முகம் சுளித்தார். "பூச்சு கண்றாவியா இருக்கு. அது பழகப் பழக வந்துடும். ஆனா நடையில எங்க எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுட்ட. திங்கட்கிழமை வா."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் பேச்சு மாறினதா எவனாவது சொல்லட்டும் பார்ப்போம். போய் ரெண்டு காலுக்கும் ஐஸ் வை, காலையில வீங்கிடும்."

டெஸ்ஸா வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். கட்டைக்கால்களைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். பிறகு காற்சட்டையைச் சுருட்டி, முழங்காலுக்குக் கீழே மாட்டியிருந்த செயற்கைக் கால்கள் இரண்டையும் பூட்ஸோடு கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

"மத்த இடத்துலல்லாம் இதைத்தான் முதல்ல காட்டித் தொலைச்சேன், பாஸ்."