கதவில் தெரிந்த முகம்

ரிட்டயரான ராஜப்பன் உப்புத்தாள் போட்ட வேகத்தில் படுக்கையறைக் கதவு பாதியாகத் தேய்ந்திருக்கும். பட்டி, பிரைமர், எனாமல் எல்லாம் அவரே. பெயிண்டரே வேண்டாம் என்று மனைவியிடம் சவால் விட்டவராயிற்றே!

"ஏங்க, காரிமங்கலத்து சம்பந்தி வந்துட்டாங்க. வந்து 'வாங்க'ன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி தீர்த்தம்மாள்.

"பெயிண்ட் காயணும். கொசு உக்காந்தாலும் தழும்பு வுழும். காவல் இருக்கறேன்!"

"டீ ஆறுதுங்க."

"ஆறட்டும். கதவுல என் மூஞ்சி தெரியுது, மீசையில நரையை எண்ணலாம்!"

"நாங்களும் பார்க்கலாங்களா?" என்றது சம்பந்தியின் குரல்.

ராஜப்பனின் குரல் இறங்கியது. "பார்க்கலாங்க... ஆனா நான் உள்ளார இருக்கறேன். வழவழன்னு வரட்டும்னு கைப்பிடியைக் கழட்டி ஹால்ல வெச்சேன். தூசி படாம இருக்கக் கதவைச் சாத்துனேன், பூட்டிக்கிச்சு."

ஹாலே சிரிப்பில் குலுங்கியது.

"அந்தக் கைப்பிடியைக் காலையிலயே எடுத்து இடுப்புல சொருகிட்டேன்" என்றாள் தீர்த்தம்மாள். "மிச்சக் கதவுக்குப் பெயிண்டரைக் கூப்பிடறேன்னு சொல்லுங்க, திறக்கறேன்."

ராஜப்பன் கதவைப் பார்த்தார். மாட்டிக்கொண்டவரின் முழி துளிப் பிசிறில்லாமல் அதில் பளபளத்தது.