மொட்டைப் பாறை

“மொட்டைப் பாறைக்கு மட்டும் போவாத சார். அங்க சுறா கீது. உன்ன முழுங்கிட்டு, முதுகுல கீற குடுவை ரெண்டையும் முழுங்கிட்டு ஏப்பம் வுடும்.” தூரத்தில் அலை உடைந்து நுரைக்கும் இடத்தைக் கைகாட்டிச் சொன்னான் பொன்னுரங்கம்.

கட்டுமரத்தின் முனையில் குந்தியிருந்த மிஸ்டர் வேல் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். “சுறா. அது எத்தனை அடி நீளம் இருக்கும்?”

“அளக்கப் போனவன் திரும்பி வர்ல சார்.”

அதையும் எழுதிக்கொண்டார்.

பம்பாயிலிருந்து வந்திருப்பதாகச் சொன்ன இந்தக் கனவான், கடலுக்கடியில் மூச்சுவிடும் கருவியைச் சீமையிலிருந்து தருவித்திருந்தார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை முங்கிக் கிடக்கும் பாறைகளை எல்லாம் பார்த்து, பணக்காரர்கள் இறங்கி மீன் பார்க்க எவை தோது என்று ஒரு புத்தகம் எழுதப் போகிறாராம். மீனைத் தட்டில் பார்த்தால் போதாதா என்று பொன்னுரங்கம் கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடும்.

அவன் இருபது வருடமாக ஒரு கோவணத்தோடும் ஒரு மூச்சோடும் முங்குகிறவன். மிஸ்டர் வேலுக்கோ முங்குவதற்கு அரைமணி நேரம் அலங்காரம் நடக்கும். கண்ணாடி, முதுகில் காற்றுக் குடுவை இரண்டு, குழாய், இடுப்பில் ஈயக்கட்டி, காலில் அகலமான ரப்பர் செருப்பு. எல்லாம் மாட்டி முடித்தால் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட வாத்து மாதிரி இருப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. முதல்முறை கட்டுமரம் ஏறும் பேண்ட் போட்ட ஆசாமிகள் தவளைபோல நாலு காலில் ஒட்டிக்கொள்வார்கள். இவர் அலை தணிந்த நேரம் பார்த்துக் கால் வைத்து, அலட்டாமல் குதிகாலில் குந்திவிட்டார். சில பேருக்கு அதிர்ஷ்டம் அப்படி என்று நினைத்துக்கொண்டான்.

மூன்று நாளில் ஆனைப்பாறை, சட்டிப்பாறை, இரட்டைப்பாறை என்று பத்துப் பாறைகளைக் காட்டினான். பெயர் தெரியாத பாறைகளுக்கு அங்கேயே பெயர் வைத்தான். ‘கொழுந்தியாப் பாறை’ என்பதற்கு மிஸ்டர் வேல் வரலாறு கேட்டார். பொன்னுரங்கம் சோழ ராஜா காலத்திலிருந்து ஆரம்பித்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் கரையில் கூடையோடு நின்றிருந்த அவன் மனைவி சொக்கம்மாள் கேட்டாள், “யோவ், அந்தாளுக்கு மொட்டைப் பாறையக் காட்னியா?”

“நான் இன்னா கேணையா? சுறா கீதுன்னு சொல்லி வெச்சிகீறேன். புஸ்தகத்துல எழுதிகினாரு.”

“எனுக்கு இன்னாவோ பேஜாரா கீது. அவரு மீனப் பாக்கல, உன்னியத்தான் பாத்துகினு கீறாரு.”

“என் மூஞ்சி அப்படி,” என்றான் பொன்னுரங்கம்.

மொட்டைப் பாறையில் சுறா கிடையாது. பொன்னுரங்கத்தின் பிழைப்பு இருந்தது. தனக்குச் சோறு போடும் பாறையை எந்தக் கடல்காரன்தான் ஊருக்குக் காட்டுவான்?

நாலாம் நாள் காலையில் பதினொன்றாவது பாறைக்குக் கூட்டிப்போனான். மிஸ்டர் வேல் தம் அலங்காரத்தை முடித்துக்கொண்டு, ரேடியோவில் செய்தி வாசிப்பவர்போல் பேசினார். “இன்றோடு எனது பணி நிறைவடைகிறது. தாங்கள் காண்பித்த பாறைகள் யாவும் மிக அருமை. தங்களுக்கு நான் கடமைப்பட்டுள்ளேன்.”

“அடுத்த வாட்டி வந்தா இன்னும் பத்து காட்றேன் சார்,” என்றான் பொன்னுரங்கம். பெயர்கள் கையிருப்பில் இருந்தன.

மிஸ்டர் வேல் பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தார். அவர் விட்ட மூச்சு மேலே நீர்க்குமிழியாக வந்து உடைந்தது. பொன்னுரங்கம் வெற்றிலையை எடுத்து மடித்தான்.

குமிழிகள் பாறையை ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு வடக்கே நகர்ந்தன.

“வாத்துக்கு வழி தப்பிப் போச்சு,” என்று சிரித்தான். குமிழிகள் நிற்கவில்லை. கோடு போட்ட மாதிரி நேராகப் போயின. அந்தக் கோடு போய் முடியும் இடத்தைப் பார்த்ததும் வெற்றிலை கடலில் விழுந்தது.

துடுப்பைப் பிடுங்கி வலித்தான். “சார், அங்க வாணாம் சார்,” என்று கத்தினான். தண்ணீருக்கடியில் இருப்பவருக்குக் கேட்டால்தானே.

குமிழிகள் மொட்டைப் பாறைமேல் போய் ஒரே இடத்தில் நின்றன. பொன்னுரங்கமும் போய்ச் சேர்ந்தான். எல்லையம்மனைக் கூப்பிட்டான், பனைமரத்தொட்டி மாதாவையும் கூப்பிட்டான். இரண்டு பேரிடமும் அவசரமாக ஒரு சுறா வேண்டும் என்று கேட்டான்.

சுறா வரவில்லை. மிஸ்டர் வேலின் தலை வந்தது. ஒரு கையால் கட்டுமரத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் இருந்த பொட்டலத்தை அதன்மேல் வைத்தார். கறுப்பு ரப்பர் சுற்றிக் கயிறு போட்டிருந்தது. கத்தியால் ஓர் ஓரத்தைக் கிழித்தார். உள்ளே சீமைக் கைக்கடிகாரங்கள் வரிசையாகப் பல்லிளித்தன. கப்பல்காரன் யாருக்கும் தெரியாமல் போட்டுவிட்டுப் போக, பொன்னுரங்கம் முங்கி எடுத்து மண்ணடிக் கடைகளுக்குச் சேர்ப்பிக்கும் கள்ளச் சரக்கு.

“இது இன்னான்னே எனுக்குத் தெரியாது சார். யாரு வெச்சாங்களோ,” என்றான் பொன்னுரங்கம்.

மிஸ்டர் வேல் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, முதல்முறையாகச் சொந்த ஊர் பாஷையில் பேசினார்.

“சுங்க ஆபீசுல உன் பேரு தெரியும் நைனா, பாறை பேருதான் தெரியாம இருந்துச்சு.”