ஒரே ஒரு பேர்

மேனேஜர் பிராங்கிளின் அறைக் கதவை உள்பக்கமாகத் தாழிட்டார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பிறகு யசோதராவின் போனை வாங்கி அணைத்து, தன் போனையும் அணைத்து, இரண்டையும் டிராயரில் போட்டு மூடினார்.

"உக்காரும்மா."

யசோதரா உட்காரவில்லை. எண்ணூரின் அந்தக் கெமிக்கல் தொழிற்சாலையில், ஸ்டோர்ஸில், ஆறு வருஷமாகக் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறாள். மேனேஜர் அறைக்குள் அவள் வந்தது இதுதான் முதல் தடவை.

மேஜைமேல் பிரின்ட் எடுத்த மூன்று கட்டுரைகள் கிடந்தன. மூன்றின் தலையிலும் 'கொற்றலை' என்ற புனைபெயர். பார்த்ததுமே எதற்குக் கூப்பிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது.

"யாரு இது?"

"தெரியாது சார்."

"தெரியாதா? 'எழுத வாங்க'ன்னு உன் பேரு, உன் நம்பரு அந்த சைட்ல கீது. ஆள் சேக்கறது நீ. எழுதறது யாருன்னு மட்டும் உனக்குத் தெரியாதா?" கோபம் வந்தால் அவர் பேச்சில் ராயபுரத்துப் பாஷை வந்துவிடும்.

ஆள் சேர்ப்பது அவள்தான். ஊர்க்காரர்களே எழுதும் 'ஊர்ப்பலகை' இணையதளத்துக்கு முதலாளி கிடையாது. அதில் எழுதுவது நூறு பேருடைய கம்ப்யூட்டர்களில் நகலாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். எந்தக் கம்பெனி மிரட்டினாலும் அழிக்க முடியாது. எழுதினவரே நினைத்தாலும் முடியாது.

அந்தப் பயத்திலேயே வந்தவர்கள் ஓடினார்கள். நாற்பது பேரைச் சேர்த்தாள், மிஞ்சியது ஆறு. ஒருத்தராவது முகம் காட்டினால்தான் மற்றவர்கள் நம்பி எழுதுவார்கள் என்று, தன் பேரை மட்டும் வெளியே போட்டிருந்தாள்.

ஆறில் ஐந்து பேர் அவள் நேரில் போய்ப் பேசி அழைத்து வந்தவர்கள். கொற்றலை மட்டும் தானாக வந்த ஆள். போன மழையில் இந்தத் தொழிற்சாலையின் கழிவுநீர் மதகைத் திறந்துவிட்டதால்தான் பக்கத்துச் சடையங்குப்பம் வீடுகளில் கறுப்புத் தண்ணீர் ஏறியது என்று எழுதிய ஆள். யார் சொல்லித் திறந்தார்கள் என்பது நாலாவது கட்டுரையில் வரும் என்று மூன்றாவது முடிந்திருந்தது.

நாலாவது வரவே இல்லை. மூன்று வாரமாக யசோதரா தளத்தின் வழியாகவே ஒன்பது மெசேஜ் அனுப்பிவிட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

"ஹெட் ஆபீஸ்ல குதிக்கறாங்க. இன்னிக்குள்ள பேரு வேணுமாம்," என்றார் பிராங்கிளின். "அந்த மதகுக்கு ரெண்டு சாவி. ரெண்டு பேர் சேந்து போட்டாத்தான் தொறக்கும். அது தெரிஞ்ச எவனோதான்."

"கட்டுரையில சாவியப் பத்தி ஒண்ணும் இல்லையே சார்."

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு பேச்சை மாற்றினார். "இன்னாத்துக்கு நிறுத்திட்டான்?"

"பயந்திருப்பாரு சார். பொண்டாட்டி, புள்ளைங்க இருக்கும். எனக்கு அவரு மேல கோவமெல்லாம் இல்ல."

பிராங்கிளின் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு தாள்களை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "இது பர்மனென்ட் ஆர்டர். இது நாளையிலேர்ந்து வேலைக்கு வராதேன்னு லெட்டர். எது வேணும்னு நீயே சொல்லு."

"சத்தியமா கொற்றலை யாருன்னு எனக்குத் தெரியாது சார்."

"சரி, அவன வுடு. மீதி அஞ்சு பேரு உனக்குத் தெரியும்ல? அதுல ஒரே ஒரு பேரு சொல்லு. அத வச்சு ஹெட் ஆபீஸ் வாய நான் அடைச்சிடறேன். நீ சொன்னேன்னு ஈ காக்காய்க்குத் தெரியாது."

யசோதராவின் கண்ணில் பேக்கிங் செக்‌ஷன் ரமாபாய் வந்து நின்றாள். வியாசர்பாடியில் அவளும் இவளும் ஒரே பிளாக். இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருப்பவள். 'உன்ன நம்பித்தான் எழுதறேன் யசோ' என்று சொல்லித்தான் முதல் கட்டுரையைக் கொடுத்தாள்.

துறைமுக வேலையில் கால் முறிந்து ஐந்து மாதமாகப் படுத்திருக்கும் புருஷன் வல்லரசுவும் நினைவுக்கு வந்தான். அவன் மருந்துக்கும் இவள் சம்பளம்தான்.

"முடியாது சார்."

"யோசிச்சு சொல்லும்மா. ஆறு வருஷம் ஒழைச்சிருக்க."

"யோசிச்சுட்டேன் சார். ஒரு பேர இன்னிக்குச் சொல்லிட்டா, நாளைக்கு அங்க எழுத ஒருத்தரும் வரமாட்டாங்க. வேல போனா வேற வேல தேடிக்கலாம். அவங்கள நான் எங்க போய்த் தேடறது?"

"வூட்ல இன்னா சொல்லுவ?"

யசோதரா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, அந்த இரண்டு தாள்களின் மேல் வைத்தாள். "என் போனக் குடுங்க சார். நான் கெளம்பறேன்" என்று கையை நீட்டினாள்.

பிராங்கிளின் எழுந்தார். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியைக் கூப்பிடப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

அவர் அட்டையை எடுத்து, நீட்டிய அவள் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தார்.

குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நாலாவது கட்டுரைய இன்னிக்கே போட்டுடறேம்மா."