அவர் வீட்டில் இல்லை

கடலைக்காட்டு வரப்பில், வளையின் வாசலைக் கல்லால் அடைத்துக்கொண்டு நான்கு குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தது ஒரு பெண் எலி. விடியும்போதே கடலை பறிக்கப் போன ஆண் எலி, வெயில் ஏறியும் திரும்பவில்லை.

வாசலில் குரல் கேட்டது. "கும்பிடுறோம் தாயி. உயிர்க்கொலை பாவம்னு ஊர் ஊராப் போய் சொல்றவங்க நாங்க. கொஞ்சம் திறங்க."

இடுக்கு வழியே பார்த்தால், இரண்டு கீரிகள். தோளில் வெள்ளைத் துண்டு. எலி குஞ்சுகளைப் பின்னால் தள்ளிவிட்டது. ஆனாலும் வாசலுக்கு வந்தவர்களிடம் கடுகடுவென்று பேசிப் பழக்கமில்லை.

"தப்பா நினைக்காதீங்க, நாங்க வேற சாமி கும்பிடுறவங்க."

"எல்லாச் சாமியும் ஒண்ணுதானே. அஞ்சு நிமிஷம் போதும்."

"அடுப்புல வேலை கிடக்கு."

"முடிச்சிட்டு வாங்க, காத்திருக்கோம்."

வேறு வழி தெரியாமல், எல்லா வீட்டிலும் கடைசியாகச் சொல்வதையே எலியும் சொன்னது. "அவர் வீட்டுல இல்லைங்க. அவரைக் கேட்காம நான் எதுவும் செய்யறதில்லை. அவர் வந்தப்புறம் வாங்க."

வாசல் கல் லேசாக அசைந்தது.

"அவரைப் பார்த்துட்டுத்தான் தாயி வர்றோம்" என்றது மூத்த கீரி, மிகவும் அன்பாக. "குழந்தைங்க நாலுன்னு அவர்தான் சொன்னார்."