இணைப்பில் இருங்கள்

புகார்ப் பிரிவின் மேற்பார்வையாளருக்கு ஒரு பழக்கம். யாரையாவது பாராட்டுவதென்றாலும் முதலில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, எதிரே நின்ற ஊழியனைப் பார்த்தார்.

"நெட் வரலைன்னு ஒரு அம்மா தினமும் கூப்பிடறாங்களே, அந்த ரெக்கார்டிங் எல்லாம் கேட்டேன். ஆள் அனுப்பிப் பார்த்தா லைன் நல்லாத்தான் இருக்கு. 'அந்த சார்கிட்டதான் பேசுவேன்'னு அடம் வேற."

"சாரி மேடம்."

"திட்டலைப்பா. முழங்கால் வலியில ஆரம்பிச்சு பூனை குட்டி போட்ட கதை வரைக்கும் கேட்டுட்டு, 'வேற ஏதாவது உதவி வேணுமா'ங்கறே பாரு. பெத்த தாய்கிட்டகூட எனக்கு அந்தப் பொறுமை கிடையாது."

"எனக்கும் கிடையாது மேடம்."

மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை.

"பாவம், பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல போல. பிள்ளைங்க இருக்காங்களோ என்னவோ."

"ஒரு பையன் இருக்கான் மேடம். அவங்க போன் பண்ணினா, 'வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்'னு பாதியிலேயே வெச்சிடுவான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவங்க எங்கம்மா மேடம். இப்ப என் நம்பருக்குக் கூப்பிடறதையே விட்டுட்டாங்க. இங்கே கஸ்டமர் தானா போனை வைக்கிற வரைக்கும் நாங்க வைக்கக் கூடாதுன்னு, ஒருநாள் பேச்சுவாக்குல அவங்ககிட்ட சொல்லிட்டேன்."