பன்னிரண்டு அடி

பன்னிரண்டு அடி உயரத் தார்ப்பாய் சரிந்து கிழக்கு வீட்டு அம்மாவின் பூந்தொட்டிகள் மேல் விழுந்தபோது, அதைக் கட்டிய பொறியாளர் அதன் அடியில்தான் இருந்தார்.

தவழ்ந்து வெளியே வந்தார். தலையில் மண். கையில் வேரோடு ஒரு ரோஜாச் செடி.

ஆள் வைத்துக் கட்டலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஒரு தார்ப்பாய் கட்டத் தெரியாதா எனக்கு என்று கேட்டிருந்தார். தெரியாது என்பது இப்போது தெருவுக்கே தெரிந்துவிட்டது.

மணி நாலேகால்.

ஐந்து மணிக்குள் இரண்டு கையெழுத்து வேண்டும். இந்தக் காலி மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஸ்கேட் பார்க் கட்ட, அதை ஒட்டிய இரண்டு வீட்டுக்காரர்களும் சம்மதிக்க வேண்டும். கிழக்கே இந்த ஓட்டு வீடு. எதிரே, மேற்கே அந்த மாடி வீடு. கையெழுத்து இல்லையென்றால் நாளை முதல் இது லாரி நிறுத்துமிடம்.

பொறியாளரின் மகளுக்கு இந்நேரம் பள்ளி விட்டிருக்கும். சக்கரப் பலகையோடு பெரிய ரோட்டில், லாரிகளுக்கு நடுவே இருப்பாள். வேறு இடம் ஏது? போன மாதம் உடைந்த கைக்கு இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை.

"அப்பா, நீ வரைஞ்சதுல எதையாவது என்னைக்காவது கட்டியிருக்காங்களா?" என்று காலையில்தான் கேட்டாள். பல் தேய்த்துக்கொண்டே யோசித்தார். ஒரு பொதுக் கழிப்பறை ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

இரண்டு அம்மாக்களும் முடியாது என்று சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை. போகும்போதெல்லாம் "பார்க்கலாம்" என்றார்கள். இருவரும் ஒரே மாதிரி, கடைசியில் கொஞ்சம் இழுத்து.

சத்தத்துக்குப் பயப்படுகிறார்கள் என்று பொறியாளருக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்துகொள்வதில் அவர் கெட்டிக்காரர்.

இரு பக்கமும் ஆறடிச் சுவர் வரைந்தார். பார்க்கலாம். எட்டடி. பார்க்கலாம். பத்தடி என்றபோது கிழக்கு வீட்டு அம்மா உட்காரக்கூடச் சொல்லவில்லை.

சரி, பன்னிரண்டு. அதையும் கண்ணால் காட்டிவிடலாம் என்றுதான் இன்று தார்ப்பாய்.

மேற்கு வீட்டுக்குக் காலையிலேயே போயிருந்தார். வானம் கறுத்துக்கொண்டு நின்றது. அந்த அம்மா மாடிக் கொடியில் ஒரு நீலத் துண்டை விரித்துக்கொண்டிருந்தார். காற்றில் அது பொறியாளரின் முகத்தில் வந்து அறைந்தது. பொட்டு ஈரமில்லை. பீரோவில் வைத்த மடிப்புகூடக் கலையவில்லை.

"காஞ்ச துண்டைப் போய்க் காயப்போடறீங்களேம்மா, மழை வேற வருது!"

அந்த அம்மா சிரிக்கவில்லை. எதிர்ப் பக்கத்துச் சுவரும் இதே உயரம்தானா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றார் பொறியாளர், பெருமையாக.

பார்க்கலாம்.

இப்போது கிழக்கு வீட்டு அம்மா வாசற்படியில் நின்றார். தார்ப்பாய் நின்றிருந்த பத்து நிமிடமும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வந்தார், வாசலுக்கு வந்தார், கடைசியில் ஒரு முக்காலியைப் போட்டு அதன் மேலேயே ஏறிவிட்டார். கோபம் வந்தால் மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள்.

உடைந்த ஏழு தொட்டிகளை அவர் பார்க்கவே இல்லை. பொறியாளரின் தலைக்கு மேலே எங்கோ பார்த்தார். மூச்சு விட்டார்.

"தொட்டியெல்லாம் நான் வாங்கித் தந்துடறேம்மா. சுவரைப் பதினஞ்சு அடியாவே ஆக்கிடறேன். ஒரு சின்னச் சத்தம்கூட உள்ள வராது."

அந்த அம்மா மறுபடி முக்காலியைப் பார்த்தார்.

நாலு முப்பத்தைந்து. பெரிய ரோட்டில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. அப்புறம் சட்டென்று நின்றது.

பொறியாளர் ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்; லாரி மறுபடி நகர்ந்து போனது. நாலு மாதமாக எத்தனையோ கேட்டிருந்தார், இதை மட்டும் கேட்டதில்லை. ரோஜாச் செடியைப் பிடித்தபடியே கேட்டார்.

"அம்மா, உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

அந்த அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சத்தம் வந்தா வரட்டும் தம்பி. எனக்கு சுவரே வேண்டாம். சுவர் இல்லைன்னு எழுதிக் குடு, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

எதிர் மாடியைக் கை காட்டினார்.

"அங்க இருக்கிறது என் தங்கச்சி. நாங்க பேசிப் பதினோரு வருஷம் ஆச்சு. நான் போகமாட்டேன், அவளும் வரமாட்டா. கொடியில துணி தெரிஞ்சா அவ நல்லா இருக்கான்னு அர்த்தம். எனக்கு அது போதும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தங்கையைக் குறை சொல்லும் அக்காவின் குரலில் சொன்னார்:

"சின்ன வயசுலேருந்தே அவளுக்குச் சுத்தம் ஜாஸ்தி. மழையோ வெயிலோ, அந்த நீலத் துண்டைத் தினமும் துவைச்சுப் போட்டுடுவா."